காறையெலும்புக்குப் போடாத ஹெல்மெட்

உடைந்தது வலது தோளில் காறையெலும்பு. ரிப்போர்ட்டில் எழுதியிருந்ததோ தலையைப் பற்றி. கோட்டுக்காரருக்கு வயிறு எரிந்ததென்றால் அதனால்தான்.

சாலையில் வெள்ளைக்கோடு, மஞ்சள்கோடு போடுகிற வேலை அவருக்கு. இருபத்திரண்டு வருஷம். கயிற்றைச் சுண்ணாம்புத் தூளில் புரட்டி, ஆளுக்கொரு முனையைப் பிடித்துச் சுண்டினால் தரையில் தடம் விழும். அதன்மேல் பெயிண்ட் வண்டியைத் தள்ள வேண்டும். கவனம் சிதறினால் கோடு பாம்பாக நெளிந்துவிடும். அப்படி நெளிந்த கோடு அவர் கணக்கில் ஒன்றுகூட இல்லை. கூட வேலை செய்கிறவர்கள் பெயரை மறந்துவிட்டு ‘கோடு’ என்றே கூப்பிடுவார்கள்.

அன்று காலை ஏழே முக்காலுக்கு ஆபீஸ் மதிலை ஒட்டிய சைக்கிள் பாதையில் வந்துகொண்டிருந்தார். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கார் நின்றிருந்தது. அதைத் தாண்டும்போது கதவு பட்டென்று திறந்தது. அவ்வளவுதான் தெரியும். அடுத்து அவர் தரையில் கிடந்தார், சைக்கிள் அவர்மேல் கிடந்தது. காரிலிருந்து இறங்கியவர் காதில் போனோடு நின்றார். ஆபீஸின் பாதுகாப்பு அதிகாரி.

“பாத்து வரக்கூடாதாய்யா?” என்றார்.

விபத்து நடந்தால் ரிப்போர்ட் எழுத வேண்டியது பாதுகாப்பு அதிகாரியின் பொறுப்பு. திருடன் கையிலேயே சாவி. அவரும் எழுதினார்: ‘காரை உரிய இடத்தில் நிறுத்தியிருந்தேன். சைக்கிளில் வந்தவர் ஹெல்மெட் அணியவில்லை. அவருடைய அஜாக்கிரதையே காரணம்.’

தோளில் கட்டோடு வீட்டில் உட்கார்ந்திருந்தவரைப் பார்க்க வந்த கயிறு பிடிக்கும் ஆள் இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தான். “ஏண்ணே, காறையெலும்புக்கு ஹெல்மெட் எந்தக் கடையில விக்குது? எனக்கும் ஒண்ணு வாங்கணும்.”

கோட்டுக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மாதம் பழைய மேஸ்திரி ஓய்வு பெற்றார். வரிசைப்படி அந்த இடம் இவருக்கு. ஆனால் ஃபைலில் ‘அஜாக்கிரதை’ என்று ஒரு வார்த்தை ஏறிவிட்டதே. அவரைவிட எட்டு வருஷம் பின்னால் வேலைக்கு வந்தவன் மேஸ்திரி ஆனான்.

பெரிய இன்ஜினியரிடம் போய் நின்றார். “ரிப்போர்ட் அவரோடது. தப்புன்னா அவர்தான் அடிச்சுத் திருத்தணும், என்னால முடியாது” என்று அவர் கைவிரித்தார். அங்கிருந்து கோட்டுக்காரர் அதிகாரியின் அறைக்குப் போனார்.

“ஹெல்மெட் போட்டிருந்தீங்களா, இல்லையா?”

“இல்ல சார். ஆனா ஒடஞ்சது...”

“அதான் எழுதியிருக்கேன். கெளம்புங்க.”

அந்த நிமிஷம் கோட்டுக்காரர் மனதுக்குள் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டார். எழுதிய கையாலேயே இவனை மாற்றி எழுத வைக்காவிட்டால் நான் மனுஷன் இல்லை.

கட்டுப் பிரித்த அன்று மனைவி ஒரு ஹெல்மெட் வாங்கி வந்து சைக்கிள் கைப்பிடியில் மாட்டினாள்.

“எடுத்து எறி அதை. இதைப் போட்டா அவன் எழுதுனது சரின்னு ஆயிடும்.”

“அவனுக்காகவா கழுத்து மேல தலை வச்சிருக்கீங்க? தோள் ஒடஞ்சா கட்டுப் போடலாம். மண்டை ஒடஞ்சா நான் எங்க போய் நிக்கிறது? அவன் சட்டத்துக்குப் போட வேண்டாம், என் தொல்லைக்குப் போடுங்க.”

அவளிடம் பேசி ஜெயித்தவர் யாரும் இல்லை. போட்டுக்கொண்டார். நாலு நாளில் பழகியும் போனது. தலைக்கு ஹெல்மெட் நல்லதுதான் என்று அவரே கயிற்றுக்காரனிடம் ஒப்புக்கொண்டார். “ஆனா கதவைத் தெறக்குறவனுக்குக் கண்ணு வேணும்டா. அதுக்கு நான் எத்தனை ஹெல்மெட் போட்டாலும் ஈடாகாது.”

பழி வாங்கும் வழி அவருக்கு வேலையிலேயே கிடைத்தது. கார் நின்ற இடத்தில், தரையில் ‘P’ எழுத்தோடு வெள்ளைக்கோட்டில் வரைந்த ஒரு பெட்டி உண்டு. மூன்று வருஷம் முன்பு பழைய மேஸ்திரி அதிகாரிக்குக் காக்கா பிடிக்க, சைக்கிள் பாதையை மறித்துப் போட்டுக்கொடுத்த பெட்டி. அன்றைக்குக் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்தவர் கோட்டுக்காரர்தான். எந்தத் தெருவில் எங்கே கோடு என்று காட்டும் ஆபீஸ் டிராயிங்கில் அப்படி ஒரு பெட்டியே கிடையாது. ஆனால் டிராயிங்கை யார் விரித்துப் பார்க்கிறார்கள்? கோடு மங்கினால் பழைய தடத்தின் மேலேயே வண்டியைத் தள்ளிவிட்டுப் போவதுதான் எல்லோருக்கும் வழக்கம். அப்படித்தான் பெட்டியும் பிழைத்துக் கிடந்தது.

இதை முன்பே போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும்? ‘அன்னைக்கு நான் அங்க நிறுத்தவே இல்லை, தள்ளித்தான் நிறுத்தினேன்’ என்பான் அதிகாரி. கூசாமல் எழுதியும் கொடுப்பான். அதனால் கோட்டுக்காரர் வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு தெருவாகக் கோடு புதுப்பித்து ஆபீஸ் தெருவுக்கு முறை வர நாலு மாதம். காத்திருந்தார். அதிகாரியைப் பார்க்கும் போதெல்லாம் கும்பிடுகூடப் போட்டார்.

முறை வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோட்டுக்காரர் டிராயிங்கைத் தரையில் விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்தார். புது மேஸ்திரிக்கு முகம் வெளுத்தது.

“அண்ணே, பெட்டியை விட்டுருங்கண்ணே. எதுக்கு வம்பு?”

“டிராயிங்ல இல்லாத பெட்டியைப் போடச் சொல்றேன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க மேஸ்திரி. தங்கமாப் போட்டுத் தர்றேன்.”

மேஸ்திரி டீ குடிக்கப் போய்விட்டான். கறுப்புப் பெயிண்ட் இரண்டு கை அடித்ததில் பெட்டி இருந்த சுவடே இல்லை. அதன்மேல் சைக்கிள் பாதை கேட் வரைக்கும் அம்பு மாதிரி போனது.

திங்கட்கிழமை காலை அதிகாரி காரை அங்கே கொண்டுவந்து திருப்பினார். சைக்கிள் பாதையில் விடமாட்டேன் என்று காவலாளி கையைக் காட்டினார். அரை மைல் தள்ளி நிறுத்திவிட்டு, வேர்த்து விறுவிறுத்து நடந்து வந்தவர் நேராகக் கோட்டுக்காரரிடம்தான் வந்தார்.

“யாரைக் கேட்டு என் எடத்தை அழிச்சே?”

“எந்த எடம் சார்?”

“என்ன நக்கலா? உன் வேலையே போயிடும்!”

“போகட்டும் சார். ஆனா வாயால சொன்னா எப்படிப் போகும்? புகார்னா எழுத்துல குடுங்க. எனக்குத்தான் எழுத வராது, நீங்க நல்லா எழுதுவீங்களே.”

தவளை தன் வாயால் கெடும். இந்தத் தவளை பேனாவால் கெட்டது. அன்று மத்தியானத்துக்குள் ஒன்றரைப் பக்கம் எழுதிப் பெரிய இன்ஜினியர் மேஜையில் வைத்துவிட்டார்.

சாயங்காலம் இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள். இன்ஜினியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்: “‘கேட்டிலிருந்து ஏழடி தூரத்தில், மூன்று வருடமாக நான் தினமும் கார் நிறுத்திவந்த பெட்டியை, விபத்து நடந்த அன்றும் நான் நிறுத்தியிருந்த அதே பெட்டியை, பழிவாங்கும் எண்ணத்தோடு அழித்துவிட்டார்.’ இது நீங்க எழுதுனதுதானே?”

“ஆமா சார்” என்றார் அதிகாரி நெஞ்சை நிமிர்த்தி.

இன்ஜினியர் டிராயிங்கை அவர் பக்கம் தள்ளினார். “இதுல அந்தப் பெட்டி எங்க இருக்கு, காட்டுங்க.”

அதிகாரியின் விரல் டிராயிங்கில் மேலே போனது, கீழே வந்தது. நிற்க இடம் கிடைக்கவில்லை.

“சைக்கிள் பாதையில காரை நிறுத்திட்டு, அந்தப் பாதையிலயே கதவைத் தெறந்திருக்கீங்க. ரிப்போர்ட்ல உரிய இடம்னு எழுதியிருக்கீங்க.”

“சார், அவர் ஹெல்மெட் போடல...”

“காறையெலும்புலயா?” என்ற இன்ஜினியர் இந்தப் பக்கம் திரும்பினார். “நீங்க நெஜமாவே பழிவாங்கத்தான் செஞ்சீங்களா?”

“ஆமா சார். ஆனா டிராயிங் படிதான் வாங்கினேன்.”

இன்ஜினியர் இருமுவது போல வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு கேட்டார்: “இப்ப ஹெல்மெட் போடுறீங்களா?”

“போடுறேன் சார். எங்க வீட்டுக்காரி சொன்னா, போடுறேன். இவர் எழுதுனதுக்காக இல்ல.”

பழைய ரிப்போர்ட் வந்தது. அதிகாரி ‘அஜாக்கிரதை’ வரியை அடித்துவிட்டு, ‘பின்னால் வருவதைக் கவனிக்காமல் நான் கதவைத் திறந்ததே காரணம்’ என்று எழுதினார். கோட்டுக்காரர் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. மேஜை ஓரத்தில் நின்று, அந்தப் பேனா ஒவ்வொரு எழுத்துக்கும் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு மாதப் பசிக்குச் சாப்பாடு அது. கையெழுத்து விழுந்ததும், “சத்தமா ஒரு தடவை படிங்க சார்” என்றார். அதிகாரி இன்ஜினியரைப் பார்த்தார். இன்ஜினியர் ஜன்னலைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் படித்தார்.

“அடுத்த மேஸ்திரி எடம் உங்களுக்குத்தான்” என்று இன்ஜினியர் சொல்லிவிட்டுப் போனார்.

அதிகாரி எழுந்து கையை நீட்டினார். “விடுங்க, நடந்தது நடந்துபோச்சு.”

நீட்டிய கையைக் கோட்டுக்காரர் நன்றாகப் பார்த்தார்.

“இந்தக் கை இன்னும் சரியா தூக்க வரல சார்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். பத்து நிமிஷம் கழித்து, அதிகாரியின் ஜன்னலுக்கு நேராக, இருபது லிட்டர் பெயிண்ட் டப்பாவை அதே வலது கையால் தூக்கிக்கொண்டு போனார். போன வழியிலேயே திரும்பி வந்து, இன்னொரு டப்பாவையும் தூக்கினார்.