தீப்பிடிக்காத கோபுரம்

செருப்பைக் கழற்றிய கையோடு நஞ்சுண்டன் கதவு நிலையைத் தட்டிப் பார்க்கிறார். யார் வீட்டுக்குப் போனாலும் இதே கதைதான். விரல் முட்டியால் ஒரு தட்டு, குனிந்து ஒரு மோப்பம். “பைன் மரந்தானுங்க. மேல சாயம் பூசி ஓக் மரம்னு ஏமாத்திப்போட்டாங்க” என்று வீட்டுக்காரரிடமே சொல்லிவிட்டுத்தான் உட்காருவார். புது வீடு வாங்கிக் கிரகப்பிரவேசத்துக்கு அழைத்தவர்களின் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே!

அமெரிக்காவில் எங்கள் மில்பிடாஸில் தமிழர் என்றால் சிப் கம்பெனி, இல்லாவிட்டால் சாஃப்ட்வேர். எங்கள் தெருவில் இவர் ஒருவர்தான் மரத்தில் கட்டடம் வரைகிற ஆர்க்கிடெக்ட். கல்யாணமே மரத்தால் நடந்ததுதான். மனைவி வசந்தாமணியின் அப்பா குமாரசாமி, மேட்டுப்பாளையத்தில் மர டிப்போ வைத்திருப்பவர். டாக்டர் வரன், இன்ஜினியர் வரன் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, மரத்தின் அருமை தெரிந்தவர் என்று இவரைப் பிடித்தாராம். “என்ற மாப்ள அமெரிக்காவுல மரத்துலயே கோபுரம் கட்டறாரு” என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

கோபுரம் உண்மைதான். வடக்கே ஆறு மணி நேரம் காரில் போனால் எப்போதோ எரிமலை கக்கிய குழம்பு கறுத்து இறுகிக் கிடக்கிற ஒரு பூங்கா. அங்கே மக்கள் ஏறி நின்று மலையைப் பார்க்க ஒரு மரக் கோபுரம் வேண்டும் என்று இவரிடம் கேட்டார்கள். நம் ஆள் என்ன செய்தார்? கோபுரம் என்றால் ஊருக்கு முன்னால் அது தெரிய வேண்டும் என்று வளர்ந்தவர். ஃப்ரீவேயிலிருந்தே கண்ணில் படுகிற மாதிரி, மேட்டு உச்சியில், செக்கச்செவேலென்று வரைந்து கொண்டுபோய் விரித்தார். பூங்காக் குழுவினர் படத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். கடைசியில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் மட்டும், “அழகாக இருக்கிறது. ஆனால் இனி மலையை யார் பார்ப்பார்கள்?” என்று மெதுவாகக் கேட்டாராம்.

“திட்டியிருந்தாக்கூடப் பரவால்லீங்க. அப்புடிக் கேட்டதும் நாக்கைப் புடுங்கிக்கலாமாட்ட இருந்துச்சு” என்பார்.

அதற்குப் பிறகு சனி ஞாயிறெல்லாம் அந்தக் கறுப்புப் பாறைகளிலேயே கிடந்தார். உச்சியை விட்டு இறங்கி, பைன் மரங்களுக்கு நடுவில் இடம் பார்த்தார். பாறையை வெட்டாமல், ஒவ்வொரு காலையும் அந்தந்தப் பாறையின் உயரத்துக்கு ஏற்ப நீட்டியும் குறைத்தும் நிறுத்தினார். சாயமே வேண்டாம், மரத்தின் மேல்தோலை மட்டும் தீயில் கருக்கினால் பாறையோடு பாறையாகிவிடும் என்று முடிவு செய்தார். கொல்லைப்புறத்தில் பலகைகளை வைத்துக் கருக்கிப் பார்த்தபோது பக்கத்து வீட்டார் தீயணைப்பு வண்டியை வரவழைத்துவிட்டார்கள். வந்தவர்களிடம் இவர் வகுப்பெடுத்தார். மேல்தோல் கரிந்த மரத்தைப் பூச்சி தொடாது, தண்ணீர் சீக்கிரம் இறங்காது, லேசில் தீப்பிடிக்காது!

கோபுரம் முடிந்த சமயத்தில் மாமனார் ஊரிலிருந்து வந்திருந்தார். வசந்தாமணி தெருவையே கிளப்பிவிட்டாள். இரண்டு வேன், டப்பா டப்பாவாகத் தக்காளிச் சோறு. போய் இறங்கினால் கோபுரத்தைக் காணோம். “டாய்லெட் தெரியுது, டவரைத்தான் காணோம்” என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தோம். குமாரசாமிதான் முதலில் கண்டுபிடித்தார். கிட்டே போனார். கறுத்த காலில் உள்ளங்கையை வைத்தார். திரும்பியபோது அவர் கண் கலங்கியிருந்தது.

“ஏனுங் மாப்ள, தீப்புடிச்சுப் போச்சுங்களா?”

டிப்போக்காரருக்குக் கரிந்த மரத்தைவிடப் பெரிய துக்கம் ஏது? நஞ்சுண்டன் ஒரு வார்த்தை விளக்கியிருக்கலாம். எங்களையெல்லாம் ஒரு முறை பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று.

“ஆமாங்க மாமா. போன மாசமுங்க. புதுசாக் கட்டறதா இருக்குதுங்க.”

“பட் அப்பா, நோ!” என்று ஆரம்பித்தாள் மகள் தென்றல். பத்து வயது. அவர் அவள் தோளைப் பிடித்து அழுத்தினார். அவள் கையைத் தட்டிவிட்டு வேனில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

நான் மட்டும் ஏறிப் பார்த்தேன். படி திரும்பித் திரும்பிப் போகிறது. கடைசித் திருப்பம் வரை மரம்தான், பிறகு திடீரென்று முழு மலையும் எதிரே நிற்கிறது. இறங்கி வந்ததும் ஆத்திரம்தான் வந்தது. “இதைப் போய் எரிந்தது என்று சொல்ல எப்படி ஐயா மனசு வந்தது?” என்று நஞ்சுண்டனைத் தனியாக இழுத்துக் கேட்டே விட்டேன்.

“அவரு கண்ணுல தண்ணியப் பாத்துப்போட்டு, அழகுக்கோசரம் நானேதான் கருக்கினேன்னு எப்புடீங்க சொல்றது?” என்றார். கொஞ்சம் பொறுத்து, “ஆனா அதுக்கோசரம் அந்தப் பொய்யச் சொல்லலீங்க. நீங்கெல்லாம் சிரிச்சீங்கல்ல, அதுக்குத்தான்” என்றார்.

பொய் அங்கேயே முடிந்திருந்தால் தேவலை. குமாரசாமி ஊருக்குப் போனதும், மாப்பிள்ளையின் கோபுரத்தின்மேல் கண் பட்டுவிட்டது என்று கோயிலில் தேங்காய் உடைத்தார். புதுக் கோபுரத்தில் கட்டச் சொல்லித் திருஷ்டிக் கயிறு மந்திரித்து அனுப்பினார். ஞாயிறுதோறும் ஃபோனில் ஒரே கேள்வி. “வேல எதுவரைக்கும் வந்துருக்குதுங் மாப்ள?” இவரும் பெர்மிட் வரவில்லை, மழை, பனி என்று அடுக்கிக்கொண்டே போனார். தென்றல் அந்த நேரம் பார்த்துச் சரியாக எழுந்து தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

போன ஞாயிறு நான் அங்கே இருந்தேன். குமாரசாமிக்கு மறுபடி விசா கிடைத்துவிட்டது. ஸ்பீக்கரில் அவர் குரல் கணீரென்று வந்தது. “ஜூன்ல வர்றனுங் மாப்ள. புதுக் கோபுரத்தைப் பாத்துப்போட்டுத்தான் மத்த வேல. நீங்க வெசனப்படாதீங்க, இந்தத் தடவ கண்ணு படாது.”

தென்றல் வழக்கம்போல எழுந்தாள்.

“மாமா...” என்றார் நஞ்சுண்டன். “மாமா, அது வந்துங்க...” வசந்தாமணி அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றுவிட்டாள்.

“அம்மிணி, போகாத” என்று மகளை நிறுத்தினார். ஸ்பீக்கரை அணைத்து, ரிசீவரை எடுத்து மகளிடம் நீட்டினார். “அப்புச்சிகிட்ட நீ சொல்லு சாமி. எரியலைன்னு சொல்லு. அப்பா பொய் சொன்னாருன்னு சொல்லு.”

தென்றல் அப்பாவையும் ரிசீவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வாங்கிக்கொண்டு, தமிழைத் தேடித் தேடிச் சேர்த்து ஆரம்பித்தாள். “அப்புச்சி... அந்த டவர்... அது எரியலை...”

நஞ்சுண்டன் சுவரைப் பார்த்துத் திரும்பி, இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டார்.