கத்தரிப் பாத்தியில் வந்தவை

கிறேஸ் பேசாலையில் கருவாடு காயப்போடும் வேலைக்குப் போகிறவள். பின்னேரம் வீட்டு வளவுக்குள் இறங்கினால் இருட்டும்வரை ஏறமாட்டாள். மணல் நிலத்தில் தண்ணி நிற்காது என்று கத்தரிப் பாத்தி முழுக்கச் சருகும் தென்னோலையும் கணுக்கால் உயரத்துக்குப் பரப்பியிருந்தாள். அதைக் கொளுத்தச் சொல்லிப் புருஷன் யாகப்பர் இரண்டு மாதமாகக் கேட்டும் அவள் மசியவில்லை.

ஐப்பசியின் முதல் மழை இரண்டு நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் காலை வெயில் பட்டதும் சருகுக்குள்ளிருந்து மரவட்டைகள் ஊர்ந்தன. நகத்தளவு தவளைக் குஞ்சுகள் தத்தின. மண் உயிர் பிடித்துவிட்டது என்ற சந்தோஷத்தில் அவள் யாகப்பரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் வேண்டாவெறுப்பாகக் குனிந்து ஓர் ஓலையைப் புரட்டினார். உடனே கையை உதறினார்.

ஓலைக்கடியில் பென்சில் மொத்தத்தில் ஒரு பாம்புக்குட்டி சுருண்டு, செதில்களை உரசிச் சரசரத்தது. பக்கத்தில் இன்னும் இரண்டு.

"சுருட்டை விரியன்," என்றார். அவர் விரலில் பல் பட்ட இரண்டு சின்னப் புள்ளிகள்தான்.

அவர் நாட்டு வைத்தியரிடம் போகலாம் என்றார். கிறேஸ் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுச் சியாமின் ஓட்டோவில் ஏற்றி மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். போய்ச் சேருமுன் விரல் வீங்கி, பல்முரசில் இரத்தம் கசிந்தது.

டொக்டர் கொஞ்ச இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து நிறுத்தினார். இருபது நிமிடம் அசைக்கக்கூடாது, உறைந்தால் பயமில்லை என்றார். கிறேஸ் மணிக்கூட்டையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தாள். மடு மாதாவின் மன்றாட்டைத் தொடங்கினாள், பாதியில் விட்டுவிட்டு மறுபடி மணிக்கூட்டைப் பார்த்தாள்.

டொக்டர் குழாயைச் சரித்தார். இரத்தம் தண்ணிபோல ஓடியது.

விஷமுறிவு மருந்து ஏற்றத் தொடங்கியதும் யாகப்பருக்கு உடம்பெல்லாம் தடித்து நடுக்கம் பிடித்தது. மருந்தை நிறுத்தி, ஒவ்வாமைக்கு ஊசி போட்டு, மறுபடி ஏற்றினார்கள். பின்னேரம் எடுத்த குழாயில்தான் இரத்தம் உறைந்தது.

"நான் அதைக் கொளுத்தியிருக்க வேணும்," என்றாள் கிறேஸ்.

"கொளுத்தியிருந்தால் கத்தரி செத்திருக்கும். கொஞ்சம் தண்ணி தா."

நாலாம் நாள் அவரை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். நீட்டுக் கம்பால் சருகு முழுவதையும் வேலியோரம் இழுத்தபோது இரண்டு குட்டிகள் அகப்பட்டன. அடித்தாள். மூன்றாவது அகப்படவேயில்லை. இப்போது றப்பர் சப்பாத்துப் போடாமல் அவள் பாத்திக்குள் கால் வைப்பதில்லை. மூடாத மண்ணுக்கு இரண்டு நேரமும் தண்ணி ஊற்றுகிறாள்.