போன ஆண்டு மழைக்கு விதைத்தோம்

என் வேலை என்னவென்று யாராவது கேட்டால் அம்மா, "கம்ப்யூட்டர்ல மழை பாக்குறா" என்பாள். சித்தி உடனே, "ஜன்னலத் தொறந்தா நாங்களும் பாப்போம், அதுக்கு எதுக்கு நாலு வருசப் படிப்பு?" என்பாள். நான் பொறுமையாகத் திருத்துவேன். திருத்துவது எனக்குப் பிடித்த வேலை.

செயற்கைக்கோள்கள் அளக்கும் மழை, மண் ஈரம், நிலத்தின் வெப்பம் இவற்றையெல்லாம் சேர்த்து வைக்கும் ஒரு நிறுவனத்துக்கு, அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியறையில் இருந்தபடி வேலை செய்கிறேன். புதிய தரவு வந்ததும் அதை வேண்டுவோருக்குத் தானாகத் தெரிவிக்கும் ஃபீடு என் பொறுப்பு. ரேஷன் கடை வாசலில் இன்றைக்கு என்ன போடுகிறார்கள் என்று எழுதிவைக்கும் பலகையைப் போன்றது அது. என்ன வித்தியாசம் என்றால், இந்தப் பலகை நம் வீடு தேடி வரும்.

உலகத்துக்கெல்லாம் அனுப்புகிறோமே, வீட்டுக்கு ஒன்று செய்யலாமே என்று தோன்றியது. என் சித்தப்பாவுக்குப் பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டோரம் டீக்கடை. நிலமோ எம்.ரெட்டியபட்டி தாண்டி, மூன்று ஏக்கர் மானாவாரிக் கரிசல் காடு. எங்கள் பக்கத்தில் ரோட்டுக்கு இந்தப் புறம் பெய்தால் அந்தப் புறம் பெய்யாது. அதனால் புரட்டாசி பிறந்ததும், "நம்ம காட்டுல மழையா?" என்று கேட்டு அவர் ஊருக்கெல்லாம் போன் போடுவார். இந்த ஆண்டு ஆவணி பிறந்ததும் நான் சின்னதாக ஒரு நிரல் எழுதினேன். செயற்கைக்கோள் நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் அளக்கும். ஃபீடில் சித்தப்பாவின் காடு விழும் கட்டத்தை மட்டும் நிரல் எடுத்து, தமிழில் ஒரு வரியாக்கி, காலை ஆறு மணிக்குக் குடும்ப வாட்ஸப் குழுவில் போடும். அந்தக் கட்டத்துக்குள் பக்கத்து ஊர்கள் இரண்டு மூன்றும் அடங்கும் என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

முதல் மாதம் முழுக்க 'மழை இல்லை', 'மழை இல்லை' என்றே வந்தது. சித்தி பொறுத்துப் பார்த்துவிட்டுப் போன் செய்தாள்.

"விடிஞ்சும் விடியாம எழவு சேதி சொல்ற மாதிரி இதென்ன பழக்கம்? அந்த மெசினு வாயில நல்லதே வராதா?"

நிரலை மாற்றினேன். இனி மழை பெய்தால் மட்டும் பேசும். மாற்றத்தை மட்டும் தெரிவிப்பதே நல்ல ஃபீடுக்கு இலக்கணம் என்று நான்கு காரணங்களை வரிசைப்படுத்திக் குழுவில் போட்டேன். சித்தி ஒரு கட்டைவிரலைப் பதிலாக அனுப்பினாள்.

மூன்று வாரம் குழு வாய் திறக்கவில்லை. புரட்டாசிக் கடைசியில் ஒரு நாள் காலை ஆறு மணிக்கு வந்தது: 'சித்தப்பா காட்டில் மழை, நாற்பத்திரண்டு மில்லிமீட்டர்.' ஆறு மணி ஒரு நிமிடத்துக்குச் சித்தப்பா போன்.

"ஏத்தா, நாப்பத்திரண்டுன்னா எத்தன உழவு மழை?"

உழுவதற்குத் தோதாக மண் நனைந்தால் எங்கள் ஊரில் அது ஓர் உழவு மழை. பாதித் தூக்கத்திலேயே கணக்குப் போட்டுச் சொன்னேன். "ரெண்டு உழவு தாராளம் சித்தப்பா."

"இங்கன ரோட்டுல ஒரு பொட்டு விழுகலையே."

"அதுக்குத்தான சித்தப்பா சேட்டிலைட்டு இருக்கு."

இந்த வாக்கியம் இன்றும் பல் துலக்கும்போது நினைவுக்கு வரும். அப்படியே கண்ணை மூடிக்கொள்வேன்.

ஒன்பது மணிக்கு மடிக்கணினியைத் திறந்தால், ஃபீடில் நூற்றுக்கணக்கில் புதிய வரிகள். தரவு மையம் போன ஆண்டின் அளவுகளை மேம்பட்ட முறையில் மறுபடி கணக்கிட்டு, எல்லாவற்றையும் இரவோடு இரவாக ஏற்றியிருந்தது. ஒவ்வொரு வரிக்கும் இரண்டு தேதிகள் உண்டு. ஒன்று மழை பெய்த நாள், மற்றது பதிவைத் திருத்திய நாள். என் நிரல் இரண்டாவதைப் படித்து, எங்கள் கட்டத்துக்குக் கடைசியாக வந்த வரியை இன்றைய மழையென்று போட்டிருந்தது. அந்த நாற்பத்திரண்டு, போன ஐப்பசியில் பெய்தது. 'இரண்டு தேதிகளையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்' என்று எங்கள் பயனர் கையேட்டில் தடித்த எழுத்தில் ஒரு வரி இருக்கிறது. அதை எழுதியவள் நான்.

நோட்டை எடுத்துப் பட்டியல் போட்டேன். ஒன்று, சித்தப்பாவுக்குப் போன். இரண்டு, நிரலை நிறுத்து. மூன்று, அழாதே. இரண்டாவதை மட்டும் முடித்தேன். கடையில் கூட்ட நேரம், சித்தப்பா எடுக்கவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனேன்.

விதைப்பெட்டி பூட்டிய டிராக்டர் புழுதி பறக்கப் பாதிக் காட்டை முடித்திருந்தது. மக்காச்சோளம். சித்தப்பா அலைந்து வாங்கிய ரகம். கடைகளில் அது தீர்ந்து பத்து நாளாகிவிட்டது. டிராக்டர்காரர் வீட்டிலேயே விதையை வைத்திருந்ததால், சித்தப்பா கடையிலிருந்தபடி போனில் சொன்னதும் வேலை நடந்துவிட்டது.

"அண்ணே, மண்ணு காஞ்சு கெடக்கே, பாக்கலையா?" என்றேன்.

"பாத்தேம்மா. புழுதி விதைப்பு போலன்னு நெனச்சேன். ஒங்க சித்தப்பா 'விதைச்சிரு'ன்னாக. காஞ்ச மண்ணுல போடச் சொல்றவுகள ஏன்னு கேட்டா கோவம் வரும்."

அவர் சொல்வதும் நடப்பதுதான். மழை வரும் என்று நம்பிக் காய்ந்த மண்ணில் முன்கூட்டியே போடுகிறவர்கள் உண்டு. நம்பியது நடந்தால் நல்லது. வெறும் தூறல் விழுந்தால் விதை முளைத்துக் கருகிவிடும். ஒன்றுமே விழாவிட்டால் மயில்கள் கிளறித் தின்றுவிடும்.

கடையைச் சாத்திவிட்டுச் சித்தப்பா வந்தார். நான் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். கட்டத்துக்குள் அடங்கும் ஊர்களையும் சேர்த்துச் சொன்னேன்.

"அப்ப இது போன வருச மழையா?"

"ஆமா சித்தப்பா."

"அந்த மழைக்கு நான் போன வருசமே வெதைச்சுட்டேனே, தாயி."

அவர் மிச்ச விதையை மூட்டையாகக் கட்டினார். "இது இருக்கட்டும். உள்ள போனத மயிலு தின்னாமப் பாக்கணும். கடைய விட்டுட்டு நான் வர முடியாது. ஒனக்குத்தான் எங்கன ஒக்காந்தாலும் வேலையாச்சே?"

எங்கிருந்தும் வேலை செய்யலாம் என்று கல்யாண வீடுகளில் நான் பெருமையாகச் சொன்னது அத்தனையும் அவர் காதில் விழுந்திருக்கிறது.

மறுநாளிலிருந்து விடிந்தது முதல் பொழுது சாயும்வரை வேப்பமரத்தடியில் இருந்தேன். மடிக்கணினி, போன் நெட், பழைய எவர்சில்வர் தட்டு, கரண்டி. முதல் இரண்டு நாள் தட்டுச் சத்தத்துக்கு மயில்கள் பறந்தன. மூன்றாம் நாள் நடந்தே போயின. நான்காம் நாளிலிருந்து நான் எழுந்து ஓடவேண்டியதாயிற்று. ஃபீடின் நம்பகத்தன்மை பற்றிய இணையக் கூட்டத்தில் என் முறை வந்தபோது ஆறு மயில்கள் உள்ளே இறங்கின. ஒலியை அணைக்க மறந்து தட்டை அடித்து, "ஏய், போ, போ" என்று கத்தினேன். என்ன சத்தம் என்று மேலாளர் கேட்டார். பறவை என்றேன். குருவியா என்றார். கொஞ்சம் பெரியது என்றேன்.

பெய்தால் நன்றாகப் பெய்யட்டும், இல்லாவிட்டால் பெய்யவே வேண்டாம் என்று வேண்டிக்கொண்டேன். ஆறாம் நாள் நாலு சொட்டு விழுந்தபோது அண்ணாந்து பார்த்து, "வேணாம்" என்றேன். அது போய்விட்டது. பதினோராம் நாள் மதியம் இருட்டிக்கொண்டு வந்து ஒரு மணி நேரம் ஊற்றியது. மடிக்கணினியை உரச் சாக்குக்குள் திணித்து அணைத்துக்கொண்டு நனைந்தேன். மறுநாள் சித்தப்பா வந்து மண்ணைக் கிள்ளிப் பார்த்தார். சாண் ஆழத்துக்கு ஈரம். சேறு கொஞ்சம் இறுகியதும் மிச்சப் பாதியையும் விதைத்தார்.

நான் காத்த பாதி, மழை பெய்த ஐந்தாம் நாளே முளைத்தது. அங்கங்கே முளைக்காமல் பொக்கை விழுந்திருந்தாலும், சுற்று வட்டாரத்தில் அதுதான் முதல் பச்சை. சித்தப்பாவும் நானும் பொக்கைகளில் விதை ஊன்றிக்கொண்டிருந்தோம். பக்கத்துக் காட்டுக்காரர் வரப்பில் வந்து நின்றார்.

"ஏம்மா, மழை வர்றதுக்குப் பதினோரு நாளைக்கு முன்னாடியே நீ அத வாட்சப்புல போட்டுட்டியாமே?"

"அது தப்புங்க பெரியப்பா. போன வருச மழை அது."

"எந்த வருச மழையா இருந்தா என்ன? ஒங்களுக்கு மொளைச்சிருச்சு, எனக்கு மொளைக்கலையே."

ஈர மண்ணில் குச்சியால் இரண்டு தேதிகளையும் எழுதி விளக்கினேன். தலையை ஆட்டிக் கேட்டார். கேட்டு முடித்ததும் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து நீட்டினார்.

"என்னையும் அதுல சேத்துவிடும்மா."

நான் சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் குனிந்த தலை நிமிராமல், "சேத்துவிடாத. ரெண்டு காட்டுக்கு மயிலு வெரட்ட நீ ஒரு ஆளு பத்தாது" என்றார்.