ஒன்பதாம் எண் சொன்னதும் சொல்லாததும்

மார்ச் பதினான்காம் தேதியிட்ட குறிப்பாணையின் குற்றச்சாட்டு இது: ஆய்வுக்கூட உதவியாளர், தாமே எழுதிய நிரலைக் கவனக்குறைவாக ஓட்டி, சிரிஞ்சு பம்பைச் சேதப்படுத்தினார், மறு உத்தரவு வரும்வரை அந்தக் கணினியை அவர் தொடக் கூடாது.

எந்தத் தாளையும் எறியாத குணத்தால் ‘கோப்பக்கா’ என்று பெயரெடுத்தவர் அந்த உதவியாளர். நிரல் எழுத யாரும் சொல்லித் தரவில்லை. சமையலறை மேசையில் தட்டுத் தடுமாறித் தாமே கற்றார். கணினி கைவிட்டுப் போனால் மறுபடி குடுவை கழுவும் தொட்டிதான்.

நடந்தது இவ்வளவே. காலையில், சிரிஞ்சின் தண்டைத் தள்ளிக் குழாய் வழியே திரவம் அனுப்பும்படி பம்புக்கு நிரல் கட்டளையிட்டது. பம்பு ஒன்பது என்ற எண்ணைத் திருப்பியனுப்பியது. திரையில் ‘தண்டு பழுது’ என்று சிவப்பாக எழுந்தது. தாமதமாக வந்த துறைத் தலைவர் அதைப் பார்த்தார், குறிப்பாணையில் கையெழுத்திட்டார்.

“வீட்ல சொன்னியாடி?” என்றாள் தொட்டியடியில் நின்ற தோழி.

“போன்ல சொன்னேன். நீ மிக்சிய உடைச்சப்பவே நான் ஒண்ணும் சொல்லலையேன்னு அவர் ஆறுதல் சொல்றார்.”

அக்கா பம்பின் கையேட்டைப் புரட்டினார். ஒன்பது என்றால், தண்டு தள்ள முடியாத அளவுக்கு எதிர்ப்பு இருக்கிறது என்று பொருள். உடைந்ததாக அதில் ஒரு சொல்லும் இல்லை. அப்படியானால் ‘பழுது’ என்று எழுதியது யார்? எண்களுக்குச் சொல் கொடுத்தபோது, திரையில் இடம் போதாதென்று சுருக்கி எழுதியவர் அக்காவேதான். நுணலும் தன் வாயால் கெடும்.

எதிர்ப்பு எங்கே? தலைவரை அழைத்து வைத்துக்கொண்டே குழாயை விரலால் தொடர்ந்து போனார். முனையில் கறுப்பு ரப்பர் மூடி.

நுனி உப்புப் பூக்காதிருக்க, மாலையில் கடைசியாகக் கிளம்புபவர் குழாயை மூட வேண்டும். மூடியவரே மறுநாள் திறக்க வேண்டும். அந்தக் கூடத்தின் வழக்கம் அது.

“நேத்து கடைசியா போனது யாரு, சார்?”

“நான்தான். மறக்காம மூடிட்டுத்தான் போனேன்” என்ற தலைவர் மூடியைப் பார்த்தார். “அட.”

மூடியைக் கழற்றிய அக்கா விலகி நின்றார். “கம்ப்யூட்டர நான் தொடக்கூடாதே. நீங்களே அழுத்துங்க.”

அழுத்தினார். தண்டு முனகியபடி மேலேறி, கீழிறங்கி நின்றது. திரையில் பூச்சியம்: கோளாறு இல்லை.

“உங்க பம்பு பொழச்சுது, கோப்பக்கா.”

“நானும்தான், சார்.” தலைவர் நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தார். அமர்ந்து செய்த முதல் வேலை, அந்தச் சிவப்பு வரியைத் திருத்தியது: ‘தண்டு நகரவில்லை, மூடியைப் பாருங்கள்.’

“அதான் சரியாயிடுச்சே, மறந்துடுவோம்” என்றார் தலைவர்.

“நான் மறந்துடுவேன். கோப்பு மறக்காதே.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்; ஆனால் மாலைக்குள் தலைவர் மேசையில் அக்கா எழுதிய தாள் ஒன்று இருந்தது: பம்பு சேதமடையவில்லை. திரையில் தவறான சொல்லை இட்டது என் பிழை, அதைத் திருத்திவிட்டேன். மார்ச் பதினான்காம் தேதியிட்ட குறிப்பாணையைத் திரும்பப் பெற்று, பெற்றதை எழுத்து மூலம் எனக்குத் தெரிவிக்கக் கோருகிறேன்.