அம்மன் முகம் எங்க போச்சு

அம்மா தவறி, பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு, நான் முதல் தடவையா கோயிலுக்குப் போன அன்னைக்கு நடந்ததை எழுதுறேன். வாயால சொல்லிப் பாத்தேன், பாதிக்கு மேல போகல.

நான் செகண்டரி மூணோட ஸ்கூலை விட்டவன். பைக்ல சாப்பாடு டெலிவரி பண்றேன். பொங்கோல்ல ஒரு வீட்டுல நானும் அம்மாவும் மட்டும்தான். அம்மா ஒரு ஸ்கூல் கேன்டீன்ல வேலை செஞ்சாங்க. லீவு கிடைக்கிற வெள்ளிக்கிழமை எல்லாம் குளிச்சு, ஈரத் தலையோட தேக்காவுக்குக் கிளம்பிடுவாங்க. அங்க ஒரு சின்னத் தெருவுல அம்மன் கோயில் இருக்கு. நான்தான் பைக்ல கொண்டு போய் விடுவேன். உள்ள வந்து ஒரு கும்பிடு போட்டுட்டு வெளிய போய் போன் பாத்துக்கிட்டு இருப்பேன். அம்மா முன்வரிசையில நிப்பாங்க. திரை விலகி தீபம் காட்டுறப்ப அம்மன் முகத்தைப் பாத்து என்னமோ பேசுவாங்க. வாய் அசையும், சத்தம் வராது.

ஆஸ்பத்திரியில கடைசியா நல்லாப் பேசுன அன்னைக்கு என் கையைப் பிடிச்சுக்கிட்டு சொன்னாங்க.

"என்னைப் பாக்கணும் போல இருந்துச்சுன்னா அவகிட்ட போடா. அவ முகத்தைப் பாரு. நான் அங்கதான் இருப்பேன்."

நான் இதை அப்படியே எடுத்துக்கிட்டேன். ஒருத்தவங்க ஒன்னு சொன்னா அதுக்கு உள்ளர்த்தம் தேடுற ஆளு நான் இல்ல. தீட்டு, கோயிலுக்குப் போகக்கூடாதுன்னு சொன்னாங்க, சரின்னு இருந்தேன். வீட்டுக்கு வந்தவங்க எல்லாரும் அழுதாங்க. எனக்குப் பெருசா அழுகை வரல. கல் மனசுக்காரன்னு யாரோ பின்னாடி பேசுனாங்க. எனக்குத்தான் எங்க போனா பாக்கலாம்னு தெரியுமே. காரியம் முடியட்டும்னு காத்துக்கிட்டு இருந்தேன்.

அன்னைக்கு சித்தியும் கூட வந்தாங்க. அம்மாவோட தங்கச்சி, குவீன்ஸ்டவுன்ல இருக்காங்க, காரியத்துக்காக எங்க வீட்டுலயே தங்கியிருந்தாங்க. பைக்ல ஏற மாட்டேன்னுட்டாங்க. "உன் பின்னாடி உக்காந்தா நானும் அக்கா போன இடத்துக்கே போய்ச் சேருவேன்"னாங்க. அதனால எம்ஆர்டி.

ட்ரெயின்ல நான் சும்மாதான் கேட்டேன். "சித்தி, மோட்ச விளக்கு ஏத்துனோமே. மோட்சம்னா சொர்க்கம்தானே?"

"இல்லடா. சாமிகூடப் போய்ச் சேந்துடுறது."

"சேந்து?"

"சேந்து என்ன, அவ்ளோதான்லா. திரும்பிப் பிறக்க வேணாம், கஷ்டப்பட வேணாம், வர வேணாம்."

"வரவே மாட்டாங்களா?"

"வராம இருந்தாத்தான் அதுக்கு மோட்சம்னு பேரு. மெதுவாப் பேசு, அந்த அங்கிள் பாக்குறாரு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நானும்தானே கையெடுத்துக் கும்பிட்டேன். ஐயர் சொல்லச் சொன்னதை எல்லாம் சொன்னேன். வீட்டுல இருந்த அத்தனை பேரும் சேந்து எங்க அம்மா திரும்பி வரக்கூடாதுன்னு வேண்டியிருக்கோம். எங்கிட்ட யாரும் இதைச் சொல்லவே இல்ல. சரி, கோயில்ல முகத்தைப் பாத்துடலாம், அது போதும்னு நினைச்சுக்கிட்டேன்.

கோயில் கோபுரத்தைச் சுத்திக் கம்பி கட்டி பச்சை வலை போட்டிருந்துச்சு. வாசல்ல பெரிய பேனர். நான் நின்னு படிக்கல. அர்ச்சனைத் தட்டு வாங்கிக்கிட்டு நேரா உள்ள போயிட்டேன். கருவறைக்கு முன்னாடி, அம்மா எப்பவும் நிக்கிற இடத்துல போய் நின்னு நிமிந்து பாத்தேன்.

திரை இல்ல. விளக்கு இல்ல. படிக்கட்டுல ஒரு வேலைக்காரரு உக்காந்து, பிளாஸ்டிக் பையில கட்டுன தே-ஓ, பால் இல்லாத டீயை, ஸ்ட்ரா போட்டுக் குடிச்சிக்கிட்டு இருந்தாரு. அவரோட சட்டை விளக்குச் சங்கிலியில தொங்குது. உள்ள ஒரு கருப்புக் கல் நிக்குது. புடவை இல்ல, மாலை இல்ல, பொட்டு இல்ல. தூசி. எங்க முகம் இருக்கணுமோ அங்க வழுவழுன்னு இருக்கு. ரெண்டு லேசான குழி, நடுவுல ஒரு சின்ன மேடு. அவ்ளோதான். நான் பிறந்ததுல இருந்து பாத்த அந்தக் கண்ணு, அந்தச் சிரிப்பு எதுவும் அதுல இல்ல.

அம்மாவைச் சவப்பொட்டியில வெச்சிருந்தப்பவும் இதேதான் ஆச்சு. அம்மாவுக்கு யாரோ பவுடர் போட்டு, பெரிய பொட்டா ஒட்டியிருந்தாங்க. கிட்டப் போய் பாத்தேன். இது அம்மா இல்லன்னு சொன்னேன். சித்தி என் முதுகைத் தட்டி, "இல்லதான்டா"ன்னாங்க. அப்ப அது எனக்கு உறைக்கல. கோயில்ல அந்தக் கல்லுக்கு முன்னாடி நிக்கிறப்ப உறைச்சிச்சு. தட்டு சரிஞ்சு தேங்காய் உருண்டு ஓரத்துக்கு வந்துடுச்சு.

சித்தி அந்த ஆளைப் பாத்து, "என்ன தம்பி, சாமி முன்னாடி இப்படி உக்காந்திருக்கே"ன்னு கேட்டாங்க.

அவரு எந்திரிக்கக்கூட இல்ல. பாவம், களைப்பு. "சாமி இங்க இல்லக்கா. அந்தப் பக்கம் ஹால்ல இருக்கு, அங்க போய் கும்பிடுங்க"ன்னாரு. ஏதோ கடை இடம் மாறிப் போச்சுங்கற மாதிரி.

ஹால்ல ஒரு மேடை. அது மேல ஒரு மரப்பலகை, அதுல அம்மனை வரைஞ்சிருந்தாங்க. பக்கத்துல தேங்காயும் மாவிலையும் வெச்ச ஒரு கும்பம். அங்க நின்ன ஐயருக்கு என் வயசுதான் இருக்கும், ஊர்ல இருந்து வேலைக்கு வந்தவரு. வெள்ளிக்கிழமையில பாத்திருக்கேன், பேசுனது இல்ல.

"பாலாலயம் ஆயிடுத்துண்ணா. திருப்பணி நடக்கறது. அம்பாளை அங்கேந்து கும்பத்துல இறக்கி, இந்தப் பலகைக்குக் கொண்டு வந்திருக்கோம். வேலை முடியற வரைக்கும் இங்கதான் இருப்பா."

"அப்ப உள்ள இருக்கிறது?"

"இப்போதைக்குக் கல்லு."

"திரும்பி வருவாங்களா?"

"கும்பாபிஷேகத்தன்னிக்கு வந்துடுவா."

அம்மன் திரும்பி வருவாங்க. எங்க அம்மா வரக்கூடாது. "எங்க அம்மா அந்த முகத்துல இருப்பேன்னு சொல்லிட்டுச் செத்துப் போனாங்க"ன்னு நேராச் சொல்லிட்டேன். "அங்க முகமே இல்லையே."

அவரு மெதுவா, "முகம் சந்தனத்துல பண்றதுண்ணா. கண்ணு வெள்ளி. வெள்ளிக்கிழமை காலம்பற நான்தான் பண்ணுவேன்"னாரு.

"நீங்களா?"

"ரெண்டு வருஷமா. எனக்கு மூக்கு மட்டும் சரியா வராது." என்னை உத்துப் பாத்தாரு. "முன்னாடி நிப்பாளே, ஈரத் தலையோட, அவாளா உங்க அம்மா? அவாதான் கண்டுபிடிப்பா. தீபாராதனை முடிஞ்சதும் கிட்ட வந்து, இன்னைக்கு மூக்கு சரியில்லப்பான்னு சொல்லிட்டுப் போவா."

அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு. இந்தப் பையன் காலையில கையால பண்ணி, ராத்திரி கழுவி எடுக்கிற சந்தனம்னு தெரிஞ்சுதான் வாராவாரம் அதுகிட்ட பேசியிருக்காங்க. தெரிஞ்சேதான் என்னையும் அங்க போகச் சொல்லியிருக்காங்க.

அவரு தட்டை வாங்கிக்கிட்டாரு. "பேரு, நட்சத்திரம்?"

எப்பவும் அம்மா பேரைத்தான் முதல்ல சொல்லுவோம். வாய் பழக்கத்துல அம்மா பேரைச் சொல்லி, ரோகிணின்னு சொல்லிட்டேன். அவரு கை நின்னு போச்சு.

"தவறினவாளுக்கு அர்ச்சனை கிடையாதுண்ணா. அந்தப் பேரும் நட்சத்திரமும் உடம்போட போச்சு."

"அப்ப அவங்களை இனிமே என்னன்னு கூப்பிடுறது?"

"அது எனக்குத் தெரியாதுண்ணா." பொய் சொல்லாம சொன்னாரு. "உங்க பேருக்குப் பண்ணட்டுமா? உங்க நட்சத்திரம் என்ன?"

எனக்குத் தெரியல. அம்மாதான் எனக்கும் சேத்துச் சொல்லுவாங்க. நான் வெளிய போன் பாத்துக்கிட்டு இருப்பேன். சித்தியைத் திரும்பிப் பாத்தேன். "எனக்கு எப்படிடா தெரியும், உங்க அம்மாவைக் கேளு"ன்னு சொல்லிட்டு, சொன்ன வாயைப் பொத்திக்கிட்டு அழ ஆரம்பிச்சுட்டாங்க. அப்பத்தான் எனக்கும் வந்துச்சு. அத்தனை நாளும் வராதது அந்த ஹால்ல, மேல டிரில் போடுற சத்தத்துல, மூக்கு ஒழுக வந்துச்சு.

ஐயர் எங்களை அழ விட்டாரு. அப்புறம், "நட்சத்திரம் தெரியாதவாளுக்கு சாமி பேர்லயே பண்றது உண்டு. பண்ணிடறேன்"னு சொல்லிட்டு, பலகை முன்னாடி உக்காந்து மந்திரம் சொல்லி, அம்மனோட ஒவ்வொரு பேருக்கும் குங்குமத்தை எடுத்துப் போட்டாரு.

சித்தி மூக்கைத் துடைச்சுக்கிட்டே என் காதுல கேட்டாங்க. "சாமி பேர்ல சாமிக்கேவா? அப்ப நம்ம எங்கடா இதுல?"

நான் கையைக் கூப்பிக்கிட்டேன்.

கற்பூரம் காட்டுனாரு. நான் அந்த வெளிச்சத்துல பலகையில வரைஞ்சிருந்த முகத்தை நல்லாப் பாத்தேன். அதுல அம்மாவைத் தேடுனேன். உண்மையைச் சொல்லணும்னா, தெரியல. மரமும் பெயின்ட்டும்தான் தெரிஞ்சுச்சு. ஆனா பாத்துக்கிட்டே இருக்கிறப்ப என் வாய் தானா சொல்லிடுச்சு.

"மூக்கு சரியில்லப்பா."

சொன்ன விதம் என்னோடது இல்ல, அம்மாவோடது. சித்தி சட்டுன்னு என் கையைப் பிடிச்சாங்க. ஐயர் கற்பூரத் தட்டோட என்னைத் திரும்பிப் பாத்தாரு.

"ஆமாண்ணா, இதுலயும் சரியா வரல"ன்னு சொல்லி, தட்டை எங்கிட்ட நீட்டுனாரு.