பச்சை முகத்துப் பொம்பிளை

“தம்பி, உந்தப் பொம்பிளையின்ரை முகம் ஏன் பச்சையாக் கிடக்கு?”

தேநீர்க் கோப்பையுடன் எனக்குப் பின்னால் நின்று அக்கா இப்படிக் கேட்டபோது, திரையில் மணமகள் தலைகுனிந்து தாலியை ஏற்றுக்கொண்டிருந்தாள். காட்சி முடிந்துவிட்டது என்ற திருப்தியில் நான் கதிரையில் சாய்ந்து நெட்டி முறித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அவளுடைய முகம் முகமாகத்தான் தெரிந்தது. முந்தைய வீடியோத் துண்டிலும் அப்படித்தான், பிந்தைய துண்டிலும் அப்படித்தான். அக்கா கோப்பையை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். “வடிவாப் பார். காய்ச்சல்காரி மாதிரி இருக்கிறா. முதல் துண்டிலை நல்லாத்தானே இருந்தவா?”

அது கிளிநொச்சியில், ஒரு இரும்புக்கடையின் மேல்மாடியில் இருந்த கலியாண வீடியோ ஸ்ரூடியோ. முதலாளி, நான் அக்கா என்று கூப்பிடும் கமராக்காரி, நான் என்று மூன்று பேர். முதலாளி ஐயரின் பக்கமிருந்து படமெடுப்பார். அக்கா பெண்கள் பக்கம். முல்லைத்தீவுக் கரையோரத்து மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். கடற்காற்றுக்கு மேலால் கூப்பிட்டுப் பழகிய குரல். கதிரையில் ஏறி நின்றுகொண்டு, மாப்பிள்ளையின் மாமனாரையே “ஐயா, தலையை எடுங்கோ, மறைக்குது” என்று அதட்டுவார். இரண்டு பேரும் கொண்டுவரும் படங்களை வெட்டி ஒட்டி, ஒரே கலியாணமாக்கித் தருவது என் வேலை.

எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது என்பதை அந்த இரண்டு பேருக்கும் நான் சொல்லவில்லை. மலைநாட்டிலிருந்து வந்து இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் பக்கமாகக் குடியேறிய குடும்பம் எங்களுடையது. மிளகாய்த் தோட்டத்தில் பழம் பறிக்க விட்டால் என் கூடையில் பாதி காயாக இருக்கும். “கண்ண எங்கடா வச்சிருக்க?” என்று அம்மா ஏசுவார். சோம்பல் என்றே எல்லோரும் நினைத்தார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு பள்ளிக்கூடத்துக்கு வந்த வைத்தியர் ஒருவர் புள்ளிகளால் ஆன படங்களைக் காட்டி இலக்கத்தை வாசிக்கச் சொன்னார். எனக்குப் புள்ளிகள் மட்டுமே தெரிந்தன. அவர் எழுதித் தந்த துண்டுச்சீட்டை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை.

ஸ்ரூடியோவில் எப்படிச் சமாளித்தேன் என்றால், இரண்டு கமராக்களும் ஒரே வகையாக இருந்தன. படங்கள் தாமாகவே ஒத்துப்போயின. சந்தேகம் வந்தால், “அக்கா, இந்தச் சீலை வடிவு, என்ன நிறம் எண்டு சொல்லுவினம்?” என்று கதையோடு கதையாகக் கேட்டுவிடுவேன். அந்த மாதம் முதலாளி தன்னுடைய கமராவை மாற்றி, வேறொரு கம்பனியின் கமராவை வாங்கியிருந்தார். அதற்கு அக்காவின் கமராவோடு ஒத்துப்போகத் தெரியவில்லை. நிறத்தைத் தானாகப் பொருத்தும் பொத்தான் ஒன்று மென்பொருளில் இருந்தது. அதை அழுத்தினேன். அது மண்டபத்தின் பச்சைச் சுவரைப் பார்த்துப் பொருத்தியதோ என்னவோ, மணமகள் பச்சையாகிவிட்டாள்.

எனக்கு நிறம் தெரியாது என்பதை அக்காவிடம் சொன்னேன். சொல்லும்போது என் கை சும்மா கணினிச் சுண்டெலியை உருட்டிக்கொண்டிருந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப இவ்வளவு நாளும் எப்பிடி வேலை செய்தனீ?”

“உங்களைக் கேட்டுக் கேட்டுத்தான்.”

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அழுகை வரும்போல இருந்தது, ஆனால் அந்தச் சிரிப்பில் இளக்காரம் இல்லை. சிரித்து முடித்ததும் கதிரையை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் இருந்தார். “சனிக்கிழமை ஓமந்தையிலை மாப்பிளை வீட்டு விருந்து. மண்டபத்திலை பெரிய திரையிலை இதைப் போடப்போகினம். பொம்பிளையின்ரை தாய் வவுனியாவிலை சீலைக்கடை வைச்சிருக்கிறவா. நூலைப் பார்த்தே நிறம் சொல்லுவா. இப்ப என்ன செய்யப்போறாய்?”

அன்று புதன்கிழமை. அக்கா ஒவ்வொரு துண்டாகப் பார்த்து “பச்சை கூட”, “இப்ப சிவப்புக் கூட” என்று சொல்லச் சொல்ல நான் மாற்றினேன். ஒரு மணித்தியாலத்தில் அவருடைய கண்ணும் களைத்துப்போனது. முதலில் சரி என்றதைப் பிறகு பிழை என்றார். நான் அலுத்துப்போய் எதையோ அழுத்தப்போக, மென்பொருளில் எப்போதும் நான் மூடிவிடும் ஒரு சாளரம் திறந்துகொண்டது. அதில் மூன்று புகைத்தூண்கள்போல வரைபடம். இடப்பக்கம் சிவப்பு, நடுவில் பச்சை, வலப்பக்கம் நீலம் என்று அடியில் எழுத்து இருந்தது. அக்காவின் துண்டில், மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டி இருந்த இடத்தில், மூன்று தூண்களும் ஒரே உயரத்தில் நின்றன. முதலாளியின் துண்டில் அதே வேட்டிக்கு நடுத்தூண் மட்டும் மேலே துருத்திக்கொண்டு நின்றது.

பச்சை எனக்குத் தெரியாது. உயரம் தெரியும்! நடுத்தூணை மெல்ல மெல்லக் கீழே இறக்கினேன். மூன்றும் சமமாக வந்ததும் கையை எடுத்தேன். திரையில் எனக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை.

“அக்கா, இப்ப?”

அவர் திரைக்குக் கிட்டக் குனிந்தார். பிறகு சொன்னார்: “எட, பொம்பிளைக்கு ரத்தம் ஓடுது.”

வியாழனும் வெள்ளியும் துண்டு துண்டாக வேலை செய்தோம். வட்டமான இன்னொரு வரைபடமும் அங்கே இருந்தது. அதன் குறுக்கே ஒரு கோடு. மனிதத் தோல் எல்லாம் அந்தக் கோட்டின் பக்கத்தில்தான் வந்து விழும். கறுத்த ஐயர், வெளிநாட்டிலிருந்து வந்த சிவந்த சித்தப்பா, வெயிலில் நின்ற சமையற்காரர், எல்லோரும் அதே கோட்டில். மணமகளின் கூறைச் சேலை எங்கே விழுகிறது என்று அக்காவின் துண்டில் பார்த்து, முதலாளியின் துண்டிலும் அதே இடத்துக்குக் கொண்டுவந்தேன். வெள்ளி பின்னேரம் அக்கா எனக்குத் தெரியாமல் ஒரு துண்டைக் குழப்பிவைத்தார். நான் கண்டுபிடித்துத் திருத்தியதோடு, அவர் கவனிக்காத இன்னொன்றையும் காட்டினேன். அவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பத் திரும்பப் பார்த்தார். “ஓமடா தம்பி” என்றார்.

முதலாளியிடம் நான்தான் சொல்ல வேண்டும் என்பது அக்காவின் நிபந்தனை. சொன்னேன். அவர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். “நிறம் தெரியாத ஆளை வைச்சோ நான் கலியாண வீடியோ செய்தனான்?”

“முதல்லை வீடியோவைப் பாருங்கோ,” என்றார் அக்கா.

பார்த்தார். குறை சொல்ல அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, ஆனாலும் முகம் தெளியவில்லை. “சனிக்கிழமை முடியட்டும். உன்ரை அலுவலைப் பிறகு யோசிப்பம்” என்று மட்டும் சொன்னார். வேலை போய்விட்டது என்றே எண்ணிக்கொண்டு ஓமந்தைக்குப் போனேன்.

மண்டபத்தில் வீடியோ ஓடத் தொடங்கியது. தாலி கட்டும் காட்சியில் மணமகளின் தாய் எழுந்து, மேசைகளுக்கிடையே நடந்து, திரைக்குக் கிட்டப் போய் நின்றார். முதலாளி கைலேஞ்சியால் கழுத்தைத் துடைத்தார். காட்சி முடிந்ததும் அந்த அம்மா திரும்பினார்.

“ஆர் இதை எடிட் செய்தது?”

நான் எழுந்து நின்றேன்.

“எங்கடை குடும்பத்திலை எத்தினை கலியாணம் வீடியோ எடுத்தாச்சு. ஒருத்தரும் கூறையை உள்ளபடி காட்டேல்லை. ஒருக்காக் கத்தரிப்பூ, மற்றப் பக்கம் திரும்பினாச் செங்கல். இது அசல் அரக்கு. எந்தப் பக்கத்தாலை பார்த்தாலும் அரக்கு.”

அக்காவால் அடக்க முடியவில்லை. “அம்மா, அவனுக்குச் சிவப்பே தெரியாது!” என்றார், மண்டபம் முழுக்கக் கேட்க. முதலாளி கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த அம்மா என்னிடம் வந்து தன் சேலைத் தலைப்பை நீட்டினார். “இது என்ன நிறம், தம்பி?”

“தெரியாது, அம்மா.”

“அப்ப எப்பிடிச் செய்தனீர்?”

மடிக்கணினியைத் திறந்து மூன்று தூண்களையும் காட்டினேன். அவர் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மாப்பிள்ளை வீட்டாரையும் கூப்பிட்டுக் காட்டினார். சாப்பாட்டை விட்டு வந்து ஒரு கூட்டமே என் மேசையைச் சுற்றி நின்றது. ஒளித்துவைத்த ஒன்றை அத்தனை பேருக்கு நடுவில் விளங்கப்படுத்திக்கொண்டிருந்தேன். கூட்டம் கலைந்ததும் முதலாளி வந்து என் தோளில் கை வைத்தார். “திங்கக்கிழமை நேரத்துக்கு வா. பழைய கலியாணங்களும் ரெண்டு திருத்தக் கிடக்கு.”

இப்போது எனக்குச் சொந்தமாக ஓர் அறை இருக்கிறது. நிறம் பொருத்துவது மட்டுமே தொழில். அக்கா ஊருக்குத் திரும்பி, இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டு கலியாணங்களும் கோயில் பெருநாள்களும் எடுக்கிறார். போன மாதம் வவுனியாவிலிருந்து, எனக்கு அறிமுகமில்லாத ஒரு ஸ்ரூடியோக்காரர் தொலைபேசியில் பேசினார். மூன்று கமராப் படங்கள், தன்னுடைய ஆட்கள் ஒரு கிழமையாகப் பார்த்தும் ஒத்துவரவில்லை என்றார். வேலையை ஏற்கும் முன் எல்லோரிடமும் சொல்வதை அவரிடமும் சொன்னேன். “அண்ணை, ஒண்டு சொல்லவேணும். எனக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாது.”

“தெரியும் தம்பி,” என்றார் அவர். “முல்லைத்தீவு அக்கா சொன்னவா. கண் தெரிஞ்ச மூண்டு பேர் பார்த்துக் களைச்சுப் போச்சினம். அதுதான் உம்மட்டை அனுப்புறன்.”