வாத்து மூடியும் கடைசி ஆறு வினாடியும்

என் வீட்டுக்காரருக்குத் தொழில், ஊரார் மூச்சை நிறுத்திவைப்பது. பயப்பட வேண்டாம், எக்ஸ்ரே எடுப்பவர். "நல்லா மூச்சை இழுங்க... பிடிங்க... அசையாதீங்க... விடலாம்" என்று ஒரு நாளைக்கு அறுபது பேரிடமாவது சொல்வார். அந்தக் கிளினிக்கின் கீழ்த்தளத்து மருந்துக் கடையில்தான் எனக்கு வேலை. மாடியிலிருந்து அந்தக் குரல் இறங்கி வரும்போதெல்லாம், இருபது வருடப் பழக்கத்தில், நானும் மாத்திரை அட்டையைக் கையில் பிடித்தபடி ஒரு கணம் அசையாமல் நின்றுவிடுகிறேன்.

கிளினிக்கில் இவருக்குப் பட்டப்பெயர் 'கடைசி செகண்டு'. எதையும் முன்கூட்டிச் செய்த சரித்திரம் இவருக்குக் கிடையாது. பஸ் கிளம்பி நாலடி நகர்ந்த பிறகுதான் ஓடிவந்து ஏறுவார். கரண்ட் பில்லைக் கடைசி நாள், கவுன்ட்டர்காரர் கதவை இழுக்கும்போது உள்ளே கையை விட்டுக் கட்டுவார்.

என்னைக் கல்யாணம் செய்துகொண்டதும் அப்படித்தான். ஒரு வருடம், வராத இருமலுக்கு எங்கள் கடையில் தினமும் மாத்திரை வாங்கினார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. இதற்குள் வீட்டில் எனக்கு வேறு இடம் பார்த்துவிட்டார்கள். பேசி முடிக்க நாள் குறித்தார்கள், என் பல்வலியால் அது இரண்டு முறை தள்ளிப்போனது. அந்தப் பல்லைப் படமெடுத்ததே இவர்தான். அப்போதாவது வாயைத் திறந்தாரா என்றால், என் வாயைத்தான் திறக்கச் சொன்னார். மூன்றாவது முறை குறித்த நாளுக்கு முந்தின சாயங்காலம், சட்டையில் பாதிப் பொத்தான் மாற்றிப் போட்டுக்கொண்டு, மூச்சு வாங்க வந்து என் அப்பா முன்னால் நின்றார்.

"முன்னாடியே கேட்டிருந்தா உங்க அப்பா யோசிச்சிருப்பார், நாலு பேர்கிட்ட விசாரிச்சிருப்பார். கடைசி நேரத்துல போய் நின்னேன் பாரு, அதான் ஜெயிச்சேன்" என்று இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். வீட்டுக்கு வருகிறவர்கள் யாரும் இந்தக் கதையைக் கேட்காமல் திரும்பிப் போக முடியாது.

இப்படிப்பட்ட மனிதர் கையில் இணைய ஏலம் கிடைத்தால் என்ன ஆகும்? நான் கெட்டேன்.

இவர் சித்தாந்தம் இதுதான். ஏலம் ஏழு நாள் நடக்கும். முதல் நாளே விலை கேட்பவன் சுத்த அசடு. தன் ஆசையைத் தானே ஊருக்குச் சொல்லிவிடுகிறான், பார்த்தவன் விலையை ஏற்றிவிடுகிறான். ஆகவே ஏழு நாளும் அந்தப் பக்கமே பார்க்காதவர் போல இருக்க வேண்டும். எல்லோரும் ஐந்நூறு, ஆயிரம் என்று முழுசாகக் கேட்பார்கள். நாம் கூடவே ஒரு பதிமூன்றைச் சேர்த்துக் கேட்க வேண்டும். முடிவதற்குச் சரியாக ஆறு வினாடி இருக்கும்போது அழுத்த வேண்டும். எட்டு என்றால் எதிராளி விழித்துக்கொள்வான். நாலு என்றால் நெட் காலை வாரிவிடும்.

இந்த வித்தையால் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தவை: இடது கைக்காரர்களுக்கான கத்தரிக்கோல் ஆறு, எங்கள் பரம்பரையிலேயே இடது கைக்காரர் கிடையாது. பியானோ இல்லாத ஒரு பியானோ ஸ்டூல். கதவுக் கீல்கள் ஒரு பெட்டி நிறைய. அதை வைக்க இடமில்லாமல் ஒரு அலமாரிக் கதவையே கழற்ற வேண்டியிருந்தது.

"இதெல்லாம் எதுக்குங்க?"

"எதுக்குங்கறது வேற விஷயம். ரெண்டு பேர் கேட்டுட்டு இருந்தாங்க. கடைசியில கிடைச்சது யாருக்கு, சொல்லு?"

"எனக்குத்தான். துடைக்கறது யாரு?"

ஒருநாள் வேலை நேரத்திலேயே இந்தக் கூத்து நடந்தது. ஒரு பெரிய உடம்புக்காரரை நெஞ்சுப் படத்துக்கு நிறுத்தி, "மூச்சைப் பிடிங்க, அசையாதீங்க" என்று சொல்லிப் படத்தை எடுத்துவிட்டார். அதே நேரம் போனில் ஒரு ஏலம் முடிய இருபது வினாடி. இவர் தடுப்புக்குப் பின்னால் ஆறுக்காகக் காத்திருக்கிறார். அந்த மனிதர் 'விடலாம்' என்ற சொல்லுக்காகக் காத்திருக்கிறார். வாங்கியது என்னவோ ஒரு மீன் தொட்டி. அவர் முகம் நீலம் பாய்ந்துவிட்டது. டாக்டர் மாடி அதிரக் கத்தியது எனக்குக் கீழே கேட்டது. "யோவ், நீ விடலாம்னு சொல்ல மறந்தா, அவர் மொத்தமா விட்டுடுவார்யா!" அன்றிலிருந்து வேலை நேரத்தில் இவர் போன் டாக்டரின் மேஜை டிராயரில் இருக்கிறது.

இனி வாத்துக்கு வருகிறேன்.

என் அம்மா எதை வாங்கினாலும் இரண்டிரண்டாக வாங்குவாள், அக்காவும் நானும் அடித்துக்கொள்ளக் கூடாது என்று. அப்படி வாங்கியவைதான் இரண்டு பீங்கான் டீ கெட்டில்கள். வெள்ளை நிறம், நீலக் கரை, மூடியின் மேல் பிடிக்காகச் சின்னதாய் ஒரு வாத்து. அம்மா போன பிறகு அக்காவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அம்மாவின் கை பட்ட பொருளென்று என்னிடம் மிஞ்சியது அது மட்டும்தான். வருடத்துக்கு ஒருமுறை அக்கா ஒரு வாரம் வந்து தங்கும்போது மட்டும் அதை இறக்கி டீ போடுவோம். "இந்த வீட்டுல எது வேணும்னாலும் உடையட்டும். என் வாத்து மேல கை பட்டுது, அப்புறம் நான் உங்களோட பேசவே மாட்டேன்" என்று இவரிடம் சொல்லிவைத்திருந்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

இந்த வருடம் அக்கா வர மூன்று வாரம் இருக்கும்போது, நான் வீட்டில் இல்லாத ஒரு மதியம், இவர் அந்தக் கீல் பெட்டியை அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றியிருக்கிறார். பெட்டி சரிந்தது. கெட்டில் தப்பியது, வாத்து தப்பவில்லை. மூடி ஏழு துண்டு. இவர் சத்தமில்லாமல் பெருக்கி அள்ளி, கெட்டிலின் தலையில் ஒரு கைக்குட்டையைச் சுற்றித் தட்டின் கடைசியில் ஒளித்துவைத்துவிட்டார். எனக்கு இதெல்லாம் பின்னால்தான் தெரியும். அப்போது தெரிந்ததெல்லாம், மனிதர் மூன்று வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை, வேலை முடிந்து வந்தால் விடிய விடியப் போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தார் என்பதுதான். கடைசியில் அதே வாத்து, அதே நீலக் கரை, முழுசாக, ஏதோ ஒரு புதுத் தளத்தில் ஏலத்துக்கு வந்திருந்தது. முடிவு சனிக்கிழமை, நாலு மணி பத்து நிமிடம்.

வெள்ளிக்கிழமை அக்கா வந்து இறங்கினாள். இவரும் அக்காவும் எப்போதும் கீரியும் பாம்பும். இவர் கிழக்கு என்றால் அவள் மேற்கு என்பாள். அன்று நான், "வாத்தை இறக்கட்டுமா, டீ போடலாம்" என்றதுதான் தாமதம்.

"இப்ப எதுக்கு? அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றார் இவர்.

"ஆமாண்டி, மாப்பிள்ளை சொல்றதுதான் சரி. டம்ளர்லயே குடு" என்றாள் அக்கா.

இருபது வருடத்தில் முதல் தடவையாக இரண்டு பேரும் ஒரே கட்சி. எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள் சனிக்கிழமை, கிளினிக் அரை நாள். சாயங்காலம் நாலு மணிக்கு நான் கூடத்தில் காய்ந்த துணி மடித்துக்கொண்டிருந்தேன். இவர் ஜன்னலோரம் நாற்காலியில், போனை மார்போடு அணைத்துக்கொண்டு. அக்கா எதிர்ப்பக்கம் சோபாவில், போனைப் புடவைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு. இரண்டு பேரும் உலகத்தில் எதிலுமே அக்கறையில்லாத முகத்தோடு இருந்தார்கள்.

நாலு பத்துக்குக் கொஞ்சம் முன்னால் இவர் விரல் அழுத்தியது. அக்காவின் போன் 'டிங்' என்றது. அக்கா முகத்தில் ஈயாடவில்லை.

இவர் "ஆங்!" என்று துள்ளி எழுந்து, உடனே தொப்பென்று உட்கார்ந்தார். புதுத் தளத்தில் ஒரு விதி இருந்தது, அதை இவர் படிக்கவில்லை. கடைசி இரண்டு நிமிடத்தில் யார் விலை கேட்டாலும் ஏலம் முடியாது. இன்னும் இரண்டு நிமிடம் நீளும். மற்றவர்களும் யோசிக்கட்டுமாம்.

இரண்டு நிமிடம் ஓடியது. அக்கா தலைப்புக்குள் எதையோ அழுத்தினாள். இவர் போன் 'டிங்' என்றது.

"யாருடா இவன்?" என்று பல்லைக் கடித்தார் இவர்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல, ஆபீஸ் விஷயம்."

இரண்டு நிமிடம். அழுத்தல். அக்கா பக்கம் 'டிங்'. "நாசமாப் போறவன்" என்றாள் அக்கா.

"யாருக்கா?"

"பக்கத்து வீட்டுக்காரன். நீ துணியை மடி."

நாற்பது நிமிடம் இப்படியே போனது. துணியெல்லாம் மடித்து முடித்து, பிரித்து மறுபடி மடிக்க ஆரம்பித்தேன். இவர் நெற்றியில் வியர்வை. "அஞ்சு செகண்டு, ஆறு செகண்டுன்னு கரெக்டா வர்றான். விலையும் பதிமூணுல முடியுது. எவனோ என் வித்தையைக் கத்துக்கிட்டவன்" என்று முணுமுணுத்தார். போன வருடம் இதே கூடத்தில் உட்கார்ந்து, இதே அக்காவுக்கு இரண்டு மணி நேரம் அந்த வித்தையை விளக்கியது மனிதருக்கு மறந்தே போய்விட்டது.

எனக்கு மறக்கவில்லை. இவர் விரல் அசைந்தால் அங்கே 'டிங்', அங்கே தலைப்பு அசைந்தால் இங்கே 'டிங்'. துணியைப் போட்டுவிட்டு எழுந்துபோய் இரண்டு போனையும் பிடுங்கினேன். இரண்டிலும் ஒரே படம். என் வாத்து. விலை நாலாயிரத்து அறுநூற்றுப் பதிமூன்று.

"என்ன இது?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "நீங்களா?" என்றாள் அக்கா. "நீங்களா அக்கா?" என்றார் இவர்.

பிறகு இவர் என்னைப் பார்த்தார். அந்த முகத்தை எப்படிச் சொல்ல? இழுத்த மூச்சை விடாமல் நிற்கிற நோயாளியின் முகம்.

"மூடி உடைஞ்சிடுச்சும்மா. நான்தான். கீல் பெட்டி. உங்கிட்ட சொல்ல தைரியம் வரல. நீ பேசாம இருந்துட்டா நான் என்ன பண்றது?"

நான் பதில் சொல்வதற்குள் அக்கா பொலபொலவென்று அழுதாள். "என்னுது கெட்டிலே போச்சுடி. குழாயில இடிச்சு ரெண்டாப் பிளந்துடுச்சு. அம்மா சாமானைக் கண்ணு மாதிரி பாத்துக்கணும்னு உனக்குப் புத்தி சொன்னவ நான். எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு உங்கிட்ட சொல்றது? இங்க கடையில காட்டி இது மாதிரி கிடைக்குமான்னு கேக்கலாம்னு மூடியை மட்டும் எடுத்துட்டு வந்தேன்."

கைப்பையைத் திறந்து ஒரு கம்பளிக் காலுறையை எடுத்தாள். அதற்குள்ளிருந்து வாத்து எட்டிப் பார்த்தது.

நான் ஸ்டூலைப் போட்டு ஏறினேன், அந்தப் பியானோ ஸ்டூல்தான். முதல் தடவையாக உபயோகப்பட்டது. கெட்டிலை இறக்கிக் கைக்குட்டையை அவிழ்த்தேன். அக்காவின் மூடியை என் கெட்டில் மேல் வைத்தேன். 'டக்' என்று உட்கார்ந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடித்துக்கொள்ளக் கூடாதென்று இரண்டு வாங்கினவள், இந்த நாற்பது நிமிடத்தைப் பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

அந்த நேரத்தில் இரண்டு போனும் சேர்ந்து 'டிங்' என்றன. யாரும் அழுத்தாமல் இரண்டு நிமிடம் ஓடிப்போய், ஏலம் முடிந்திருந்தது. கடைசியாகக் கேட்டவர் இவர். வாத்து இவருக்கு.

"அது வந்ததும் எனக்கு" என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அம்மாவோடது முழுசா உன்கிட்டயே இருக்கட்டும். நான் வரும்போது டீ மட்டும் இதுலதான் போடணும்." சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள்.

இவர் நின்ற இடத்திலேயே நின்றார். நான் எதுவும் பேசவில்லை. பேச மாட்டேன் என்றுதானே சொல்லிவைத்திருந்தேன்? கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, கோபத்தை எங்கே காட்டுவதென்று தெரியாமல் அந்தத் தளத்தின் மேல் பாய்ந்தார். "என்ன அநியாயம் பாரு. நேரம் முடிஞ்சா முடிஞ்சதுதானே? யாரோ வருவாங்கன்னு எவனாவது நேரத்தை நீட்டிவைப்பானா? உலகத்துல எங்கயாவது உண்டா?"

"உண்டு" என்றேன்.

"எங்க?"

"எங்க வீட்டுல. ரெண்டு தடவை நீட்டினேன்."

இவருக்குப் புரியவில்லை. நானே சொன்னேன். "எனக்குப் பல்வலியே இல்லீங்க."

மனிதர் வாயைப் பிளந்தார். "ஏய், நான்தானே படம் எடுத்தேன்! ஆமா... படத்துல ஒண்ணுமே இல்ல. டாக்டர்கூட, இந்தப் பொண்ணுக்கு எதுக்கு வலிக்குதுன்னு தலையைச் சொறிஞ்சாரே..."

"இருந்தாத்தானே தெரியும்? ஒரு வருஷமா இருமல் மாத்திரை வாங்கறீங்க, வாயைத் திறக்கற வழியைக் காணோம். அங்க நாள் குறிச்சாச்சு. நான் என்ன பண்றது? பல்லைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தேன். ஒரு வாரம். அப்பவும் வரல. மறுபடி ஒரு வாரம்."

இருபது வருடம் தான் வென்றதாகச் சொல்லிக்கொண்டிருந்த மனிதர், சுவரில் சாய்ந்து நின்றார். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. நெஞ்சு நிறைய இழுத்த மூச்சு அப்படியே நின்றுபோயிருந்தது.

"விடலாம்" என்றேன்.